தடியின் எண்ணும் தண்ணீரின் உப்பும்

வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வருவோர் சிலரின் பயணப்பொதிகளில் நீண்ட குழாய் உறைகளும் காணப்படும் பருவம் இது. அவ்வுறைகளுக்குள் இருப்பவை பொய்ப்பூச்சித் தூண்டில் தடிகள். இறகும் நூலும் முள்ளின்மீது சுற்றப்பட்டுப் பூச்சியைப் போலத் தோற்றம் பெற்ற ஒன்றை நீர்மேல் வீசுவதற்கென்றே செய்யப்பட்ட மெல்லிய, வளையும் தடிகள். குடாநாட்டின் சிறுமீனுக்கு எந்தத் தடி பொருந்தும் என்ற கேள்விக்கு வழங்கப்படும் அறிவுரையே இவ்வாரம் இப்பத்தியைச் சினங்கொள்ள வைத்தது. அமெரிக்கக் குளங்களில் வாழும் புளூகில் முதலிய, சட்டிக்குள் முழுதாக அடங்கும் சிறுமீன்களுக்கு எழுதப்பட்ட எண்களை அப்படியே எடுத்து, வல்லை வெளியின் காற்றையும் தொண்டைமானாற்றின் உப்பையும் கண்டிராதவர்கள், "மூன்றாம் எண் தடி போதும்" என்று முடிவுரைத்துவிடுகிறார்கள்.

எண் என்பதன் பொருளை முதலில் விளக்குதல் தகும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரமே தங்கூசியை இழுத்துச் செல்கிறது. பொய்ப்பூச்சித் தூண்டிலிலோ பூச்சிக்குப் பாரம் இல்லாமையால், தடித்த நூலே பாரமாகி, தடியை வளைத்து, அந்த வளைவு நிமிரும் விசையில் முன்னே பாய்கிறது. ஆகவே நூலின் எடைக்கும் தடியின் வளைவுக்கும் பொருத்தம் இருந்தாக வேண்டும் என்பதால், 1961 அளவில் அமெரிக்கத் தூண்டிற்கருவி உற்பத்தியாளர் சங்கம் நூலின் முதல் 30 அடியின் எடையை வைத்து எண்களை வகுத்தது. மூன்றாம் எண்ணின் எடை 100 கிரெயின், அதாவது ஏறத்தாழ ஆறரைக் கிராம், ஐந்தாம் எண்ணின் எடை 140 கிரெயின், அதாவது ஏறத்தாழ ஒன்பது கிராம். காட்டு மரங்கள் காற்றை மறைத்து நிற்கும் சிறு குளத்தில் ஆறரைக் கிராம் நூல் நேராகப் போய் விழும். சோளகம் வீசும் மாதங்களில், மறைப்பதற்கு ஒரு மரமும் அற்ற வல்லை வெளியில், அதே நூல் வீசியவரின் காதருகே திரும்பி வந்துவிடும். இங்கு நான்காம் எண் தாழ்ந்த எல்லை, ஐந்தாம் எண்ணே உரியது. நீளம் எட்டரை முதல் ஒன்பது அடி, ஏனெனில் முழங்காலளவு நீரில் நின்று வீசுபவரின் பின்னே நூல் நீரில் படாமல் உயர்ந்து செல்ல வேண்டும். நுனியில் மட்டும் வளையும் விறைத்த தடியைவிட, நடுப்பகுதி வரை வளையும் தடியே நன்று. கையளவு மீனின் இழுப்பையும் அது கைக்கு உணர்த்தும், மெல்லிய முடிச்சு நூலும் அறாது.

மீன் எது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். குடாநாட்டின் உவர்நீரில் புளூகில் மீனுக்கு மிக நெருங்கிய இணையாக நிற்பது, மட்டக்களப்பு வாவிக் கரையில் செத்தல் என வழங்கும் மீனாகும். அறிவியலார் அதனை எற்றோப்பிளசு சுராற்றென்சிசு என்பர். தட்டையான, உயர்ந்த உடலும் முத்துப்போன்ற புள்ளிகளும் கொண்ட இம்மீனின் குடும்பத்தார் ஆபிரிக்காவிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கணக்கில் வாழ, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்களுக்கு மிக அண்மிய உறவினர் மடகாசுகரில் உள்ளனர். முட்டைகளைக் கல்லிலோ கட்டையிலோ ஒட்டிவைத்துத் தாயும் தந்தையும் சேர்ந்தே காவல் காக்கும் இயல்பு கொண்ட இம்மீன், பாசியையே பெரிதும் மேய்ந்தாலும் பூச்சிப்புழுவையும் தின்னும். வாய் சிறிதாதலால் முள்ளும் சிறிதாக, பன்னிரண்டாம் பதினான்காம் அளவினதாக இருத்தல் வேண்டும். முட்டை காக்கும் இணையைக் கண்டால் அவ்விடத்தில் தூண்டில் இடாது விலகிச் செல்வதே முறை. இதனோடு, 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் இன்று அதே நீரைப் பகிர்ந்துகொள்கிறது.

சிறுமீனுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்போருக்கு, இப்பத்தி ஓயாது பரிந்துரைக்கும் நூலொன்றை மறுபடியும் நினைவூட்ட வேண்டியுள்ளது. மதராசு ஆட்சிப்பணியில் இருந்த என்றி சல்லிவன் தோமசு, 1873இல் இந்திய ஆறுகளின் தூண்டில் மீன்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டுப் புகழ் பெற்றார். ஆயினும் 1887இல் அவர் எழுதிய "டாங்க் ஆங்ளிங் இன் இந்தியா" என்னும் சிறுநூலே, அதாவது குளங்களில் தூண்டிலிடுதல் பற்றியதே, இங்குள்ளோர்க்கு அதிகம் பயன்படக்கூடியது. நுவரெலியாவின் குளிர் ஓடைகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் விட்டு வளர்த்த திரவுத்து மீனே இலங்கையில் பொய்ப்பூச்சித் தூண்டிலுக்குரிய ஒரே மீன் என்ற எண்ணம் இன்றும் நிலவுவதற்கு, சமவெளியின் குளத்தையும் களப்பையும் பொருட்படுத்தும் இத்தகைய நூல்கள் மறுபடி அச்சேறாமையும் ஒரு காரணம் எனலாம். அக்காலத்து அமெரிக்கத் தடிக் கைவினைஞரும் சீனத்து மூங்கிலை நாடுவதற்கு முன் "கல்கத்தா" என்று பெயரிட்டு இந்திய மூங்கிலைத்தான் பிளந்து ஒட்டினர். ஆகவே இக்கலை நமக்கு முற்றிலும் அயலானது அன்று.

ஆனால் தடியைத் தெரிவு செய்பவர் இறுதியில் வந்து நிற்கும் கேள்வி நீர் உப்பா நன்னீரா என்பதே. றீலின் உலோகமும் வளையங்களின் வகையும் கழுவும் முறையும் அதைப் பொறுத்தவை. தொண்டைமானாற்றில் அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அங்கே கடலைத் தடுத்து நிற்கும் தடுப்பணையின் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதே விடையை மாற்றுகிறது. இவ்வணையைப் பற்றி இப்பத்தி முன்னரும் எழுதியுள்ளது, இனியும் எழுதும். தடியைப் பற்றிய எஞ்சிய செய்திகள் கடைக்காரரிடம் கிடைக்கும்; அணை ஏன் எழுந்தது என்பதையே இங்கு சொல்லியாக வேண்டும்.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில், நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் கடல்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்தால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் தங்கும் என்பது நீரியலார் கண்ட விதி. கிணற்றின் ஆயுள் அந்த ஓரடியில் இருக்கிறது. இதைக் கருத்திற்கொண்டே, நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954இல் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டத்தை முன்வைத்தார். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் வெள்ளத்தை ஆனையிறவுக் கடனீரேரியில் தேக்கி, முள்ளியான் இணைப்புக் கால்வாய் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் செலுத்தி, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணைகளால் கடலைத் தடுத்தால், ஆண்டுக்காண்டு மழை உப்பைக் கழுவி, களப்புகள் நன்னீர் ஏரிகளாகும் என்பது அவர் கணக்கு. 1950களில் இரு அணைகளும் எழுந்தன, முள்ளியான் கால்வாய் முற்றுப்பெறவில்லை, மரக்கதவுகள் உக்கின, போர் எல்லாவற்றையும் நிறுத்தியது. மரபுக் கதைப்படி, தொண்டைமான் என்னும் சோழப் படைத்தலைவன் கரணவாய்ப் பகுதியின் உப்பைக் கலங்களில் ஏற்றிச் செல்வதற்காகவே இந்த ஆற்றை வெட்டித் திறந்தான். உப்பை வெளியே கொண்டுசெல்லத் திறக்கப்பட்ட அதே வாயில், உப்பு உள்ளே வராதிருக்கப் பின்னர் மூடப்பட்டது.

இத்திட்டம் நிறைவேற வேண்டும் என்பதில் இப்பத்திக்கு ஐயம் இல்லை. எனினும் இத்திட்டத்தைப் பேசுவோர் கிணற்றையும் வயலையும் சொல்லி நிறுத்திக்கொள்வது பெருங்குறை. இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் களப்புக்குள் புகுந்து வளர்ந்து மீண்டும் கடல் சேர்கின்றன. கொடுவாயும் உவர்நீரில் பிறந்து, உள்நீர் தேடிச் சென்று வளரும் மீன். கதவை மூடினால் இவை வெளியே நிற்கும். செத்தலும் திலாப்பியாவுமோ முட்டையிலிருந்து முதுமை வரை களப்புக்குள்ளேயே வாழ வல்லவை, உப்பு குறைந்தாலும் கூடினாலும் தாங்குபவை. ஆதலால் அணை மூடியிருக்கும் காலம் தூண்டில்காரருக்குக் குறைவில்லாத காலமாகவும், வீச்சு வலையோடு இறாலை நம்பிக் களப்பில் இறங்கும் குடும்பத்துக்கு வெறுங்கையான காலமாகவும் அமைந்துவிடுகிறது. பொழுதுபோக்குக்காக ஒன்பதடித் தடியுடன் நிற்பவர் நிறைவோடு திரும்புவதைக் கொண்டு அந்தக் களப்பு நலமாயிருக்கிறது என்று கொள்வது அநீதி.

கதவை முன்னதாக மூடினால் குஞ்சுகள் நுழையா. பிந்தி மூடினால் மழைநீர் கடலுக்கு ஓடி, உப்புநீர் திரும்பி ஏறும். வாடை மழையில் வெள்ளம் ஏறும் நாட்களிலோ தாழ்நிலத்தைக் காக்கத் திறந்தே ஆக வேண்டும். இம்மூன்றுக்கும் நடுவே நாளைக் குறிப்பது பொறியியல் கணக்கால் மட்டும் முடியக்கூடியதன்று. இறால் குஞ்சு எந்த நீரோட்டத்தில் எப்போது வருகிறது என்பதைக் களப்பில் இறங்குவோர் தலைமுறைகளாக அறிவர். போருக்குப் பின் அணை மீளக் கட்டப்பட்டபோது கதவின் உலோகத்துக்கும் பொறிக்கும் கிடைத்த கவனம், கதவைத் திறக்கும் முடிவுக்கும் கிடைக்க வேண்டும்: வடமராட்சிக் கடனீரேரியின் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் அந்த முடிவில் சம இடம் வேண்டும், கதவு திறக்கும் நாளும் மூடும் நாளும் மாரி தொடங்குமுன் ஊர்தோறும் அறிவிக்கப்பட வேண்டும், மூடியிருக்கும் காலத்திலும் குஞ்சுகள் ஏறக்கூடிய மீன்வழி ஒன்று அணையின் ஓரத்தில் அமைய வேண்டும்.