வளவிலே குடியிருக்கும் தேள்

தேளுக்கு ஒரு தலையங்கமா என்று இலக்கிய அன்பர் சிலர் நகைக்கக்கூடும். பாலைநிலத்துப் பிராணியென்றே அதனைப் பள்ளியிற் படித்தோம். தெல்லிப்பழையிற் பாலை இல்லை. செம்மண்ணும் சுண்ணக்கல்லும் பனையுமே உண்டு. எனினும், 1990இல் ஊரைவிட்டு அகன்று, போர் ஓய்ந்து காணி விடுவிக்கப்பட்டபின் திரும்பி, இடிந்த சுவரின் கற்களை நான் பெயர்த்தபோது முதலில் எதிர்ப்பட்டது தேள்தான். காணி உறுதி என் கையில் இருந்தது. ஆட்சி அதனிடம் இருந்தது!

அன்று நான் அடித்துக் கொன்றது உள்ளங்கை நீளக் கருந்தேள். நண்டினது போன்ற அதன் பெருங்கைகளைக் கண்டே நடுங்கினேன். பின்னரே அறிந்தேன்: கை பருத்த தேளுக்குப் பெரும்பாலும் நஞ்சின் வலிமை குறைவு, கை மெலிந்து வால் தடித்ததே அஞ்சத்தக்கது. அத்தகைய சிறு செந்தேள் நம் குடாநாட்டிலே உண்டு. இந்தியச் செந்தேள் என்னும் அவ்வினம் இங்குள்ளோரைக் கொட்டி விளைத்த தீங்கினை 2015இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று விரித்துரைத்தது.

கடுப்பு மட்டுமே அதன் விளைவென்று எண்ணுதல் கூடாது. உடல் வியர்த்து, கைகால் குளிர்ந்து, இருதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே இடர் நேரலாம். குழந்தைகளுக்கு அபாயம் பெரிது. மகாராட்டிரத்தின் மகாடு என்னுஞ் சிறுநகரிற் பணியாற்றிய வைத்தியர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், இரத்த அழுத்தத்துக்குரிய பிரசோசின் என்ற மருந்து இந்நஞ்சின் கேட்டைத் தணிப்பதை 1986இல் ‘லான்செற்’ இதழில் எழுதினார். ஒரு சிறுநகர் வைத்தியரின் கூர்ந்த நோக்கு எத்தனை பிள்ளைகளைத் தாய்மாரிடம் மீட்டுக் கொடுத்தது! அவ்வுதவி உரிய நேரத்திற் கிட்ட வேண்டுமாயின், பார்வை பார்ப்பதிலும் பச்சிலை தேடுவதிலும் பொழுதைப் போக்காது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். பரியாரியாரிடம் எனக்கு மதிப்புக் குறைவில்லை. ஆனால் கொட்டுண்ட பிள்ளைக்கு வியர்க்கத் தொடங்கிவிட்டால் மரியாதை பார்க்க நேரமில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். விருச்சிகத்தை இராசிச் சக்கரத்தில் அறிந்த மாணவன், வேலியோரக் கிடுகுக் குவியலிற் பதுங்கும் இருவகைத் தேளையும் பிரித்தறியட்டும். தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு தேட்குஞ்சு பிறக்கிறதென்ற பழங்கதையையும் விட்டொழிப்போம். குஞ்சுகள் உயிருடன் பிறந்து, முதற் சட்டை கழற்றும்வரை தாயின் முதுகிலேயே குடியிருக்கின்றன. புறஊதா ஒளி பட்டால் வளர்ந்த தேளின் உடல் நீலப்பச்சையாய் ஒளிரும்.

அவ்வொளி வீசும் கைவிளக்கொன்றை இப்போது வைத்திருக்கிறேன். இரவிற் கிணற்றடிக்குச் செல்லுமுன் அதனால் ஒருமுறை துழாவிப் பார்ப்பேன். செருப்பை உதறியே அணிவேன். சென்ற கிழமை கிணற்றுக் கட்டின் வெடிப்பில், முதுகு நிறையக் குஞ்சுகளுடன் ஒரு கருந்தேள் ஒளிர்ந்தது. பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொட்டுமா என்றான். கை வைத்தாற் கொட்டும் என்றேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.