அந்த டிரெய்லர் தம்பதிக்காகப் பரிதாபப்பட வேண்டாம்



மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது எடுத்த கலிபோர்னியாப் படங்களைப் போன வாரம் போட்டிருந்தேன். கருத்துகள் எல்லாவற்றையும் படித்தேன். மரங்களைப் பற்றி எழுதியவர்கள் நாலே பேர். மற்றவர்கள் எல்லாரும் முகாமில் நாங்கள் சந்தித்த அந்த வயதான தம்பதியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். "பாவம், இந்த வயசுல வீடு வாசல் இல்லாம அலையணுமா?" "பிள்ளைங்க கைவிட்டுட்டாங்க போல." தங்கை முறையுள்ள ஒருத்தி, "அண்ணா, இதைப் பார்த்துட்டு நீங்களும் அண்ணியும் கிளம்பிடாதீங்க" என்கிறாள்.

பதில் சொல்லாமல் விட மனசில்லை. கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் விவரம். அவர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், அந்த அம்மா செவிலியராக இருந்தவர். பிள்ளைகள் உண்டு, பேரன் பேத்தி உண்டு, தினமும் போனில் பேச்சும் உண்டு. யாரும் கைவிடவில்லை. இவர்களேதான் வீட்டை விற்று, 20 அடி டிரெய்லர் ஒன்று வாங்கி, பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு ஆறு வருடமாக ஊர் ஊராகத் தங்கி வருகிறார்கள். அங்கே இப்படி வாழ்பவர்களுக்கு 'ஃபுல் டைமர்' என்று பெயர்.

டிரெய்லர் என்றதும் நம் ஊர் டிராக்டர் டிரெய்லரை நினைக்காதீர்கள். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக் கழிவுக்கு ஒன்று. ரெட்வுட் காட்டு அரசுப் பூங்கா முகாம்களில் பெரும்பாலும் வண்டிக்குக் கரண்ட் இணைப்பும் கிடையாது, தண்ணீர்க் குழாய் இணைப்பும் கிடையாது. தொட்டி நிரம்பினால் அதற்கென்று உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவ வேண்டும். அதனால் அந்த அம்மா மூன்று தட்டைக் கழுவுவதற்கும் தண்ணீரை அளந்துதான் ஊற்றுகிறார். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி வழிகிற வரை டிவி பார்க்கிற நாம் அவருக்காகப் பரிதாபப்படுகிறோம்!

"விலாசம் இல்லாதவர்கள்" என்றார் ஒருவர். தவறு. சவுத் டகோட்டா, டெக்சாஸ், புளோரிடா மாநிலங்களில் இப்படிப்பட்டவர்களுக்காகவே தபாலைப் பெற்று அனுப்பும் சேவைகள் இருக்கின்றன. லைசென்ஸ், வரி எல்லாம் அந்த விலாசத்தில்தான். "முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள்?" என்றார் இன்னொருவர். நல்ல கேள்வி. எஸ்கேப்பீஸ் என்று இவர்களுக்கு 1978-இல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கத்தார் முயற்சியில் டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் ஓர் இடம் உருவானது. வண்டி ஓட்ட முடியாமல் போன முதியவர்கள் தங்கள் வண்டி வீட்டிலேயே இருந்துகொண்டு சாப்பாடும் உதவியும் அங்கே பெறலாம். மாடி வீட்டில் தனியாக இருக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் எத்தனை பேருக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது?

வண்டியில் வாழ்கிற எல்லாரும் விரும்பித்தான் வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டை இழந்து வண்டிக்குள் வந்தவர்கள் உண்டு. 'நோமேட்லேண்ட்' படம் அப்படிப்பட்டவர்களைப் பற்றியதுதான். அவர்களுக்காக வருந்துங்கள், அது நியாயம். பார்த்தவரையெல்லாம் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். ரெட்வுட் என்பது நம் ஆந்திர எல்லைச் செம்மரம் இல்லை. அது வேறு, இது வேறு. இது கலிபோர்னியாவின் வடக்குக் கடலோரத்தில், கடல் பனிமூட்டத்தின் ஈரத்தையும் குடித்து வளர்வது. 2,000 ஆண்டைத் தாண்டிய மரங்கள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. ஹைப்பீரியன் என்று பெயரிட்ட ரெட்வுட் மரம் சுமார் 380 அடி. உலகத்திலேயே உயரமான மரம் அதுதான்.

1850-களில் வெட்டத் தொடங்கும்போது இந்தப் பழங்காடு சுமார் 20 லட்சம் ஏக்கர். இன்று மிச்சம் இருப்பது அதில் 5 சதவீதம் அளவுதான். எதற்கு வெட்டினார்கள்? பெரும்பகுதி வீடு கட்ட! சான் பிரான்சிஸ்கோவின் பழைய வீடுகள் பலவும் இந்த மரத்தால் ஆனவை. மிச்சத்தைக் காப்பாற்ற 1918-இல் 'சேவ் த ரெட்வுட்ஸ் லீக்' என்று தனிச் சங்கமே தொடங்க வேண்டியிருந்தது. தேசியப் பூங்கா 1968-இல்தான் வந்தது. சொந்த வீட்டை விற்றுவிட்டு அந்தக் காட்டுக்குள் 20 அடியில் வாழ்கிறவர்களைப் பார்த்து "ஐயோ, வீடில்லையே" என்கிறீர்கள். அந்த மரங்களிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

அடுத்து, சான் ஹோசேயில் இருக்கும் என் மாணவனுக்கு. "சார், நாங்க ஒரே வார இறுதியில போய்ட்டு வந்துட்டோம், கார்ல இருந்தே எல்லாத்தையும் பாத்தாச்சு" என்று எழுதியிருக்கிறாய். தம்பி, காரின் கூரை தாண்டி நீ எதைப் பார்த்தாய்? வண்டி போவதற்காக மரத்தையே குடைந்தவர்கள் உண்டு. ரெட்வுட்டின் உறவுக்கார இனமான செக்கோயா மரம் ஒன்றை யோசெமிட்டியில் 1881-இல் குடைந்து வழி செய்தார்கள். 1969 பனிக்காலத்தில் அது விழுந்தது. கலவெராஸில் அதே மாதிரி குடைந்த இன்னொன்று 2017 ஜனவரிப் புயலில் விழுந்தது.

இன்னொரு மாணவர் ஹைப்பீரியன் இருக்கும் இடத்தின் 'லொகேஷன்' கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தாலும் தரமாட்டேன். அந்த மரத்துக்குப் பாதையே கிடையாது. இத்தனை உயரம் இருந்தும் ரெட்வுட்டின் வேர் 6 முதல் 13 அடி ஆழம்தான் போகும். மாறாக, 100 அடி வரை பக்கவாட்டில் பரவும். செல்ஃபிக்காகப் புதரை மிதித்துக்கொண்டு வந்தவர்கள் அந்த வேர்மண்ணை இறுக்கிவிட்டார்கள். 2022-இல் பூங்கா நிர்வாகம் அந்தப் பகுதியையே மூடிவிட்டது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

அந்தத் தம்பதி என்ன செய்கிறார்கள்? ஒரே முகாமில் பத்து நாள் தங்குகிறார்கள். ஹௌலண்ட் ஹில் மண்சாலை டிரெய்லருக்கு ஆகாது. ஃபெர்ன் கேன்யன் போகும் டேவிசன் சாலையிலும் டிரெய்லருக்கு அனுமதி இல்லை. அதனால் அதை முகாமில் விட்டுவிட்டு நடக்கிறார்கள். பாதையை விட்டு ஓர் அடி இறங்குவதில்லை. முதல் நாள் கழுத்து வலிக்க மேலேயே பார்த்தோம், மூன்றாம் நாள்தான் கீழே பார்க்கக் கற்றுக்கொண்டோம் என்றார் அந்த அம்மா. விழுந்த மரத்தின் மேல் வரிசையாக முளைத்த கன்றுகளையும், தாய்மரம் போன பிறகு அதன் அடியைச் சுற்றி வட்டமாக எழுந்த மரங்களையும் எங்களுக்குக் காட்டியது அவர்தான். இதெல்லாம் காரிலிருந்து தெரியாது.

"அந்த வண்டி மட்டும் எண்ணெய் குடிக்காதா?" என்பீர்கள். குடிக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டு நாளில் ஓடிப்போய் ஓடிவரும் உன் காரும் தண்ணீரில் ஓடவில்லை தம்பி.

எல்லாரும் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லவில்லை. நானும் போகப்போவதில்லை, தங்கை பயப்பட வேண்டாம். ஓய்வுக்காலம் என்றால் இன்னொரு மாடி எழுப்பி, பூட்டுப் போட்டு, அதற்குக் காவல் இருப்பதுதான் என்று முடிவு செய்துகொண்டு, வேறு மாதிரி வாழ்கிறவரைப் பிச்சைக்காரராகப் பார்க்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்தப் பக்கம் போகிற பிள்ளைகள் மூன்று நாளாவது தங்குங்கள். காரை நிறுத்திவிட்டு நடங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். மரத்தின் இருப்பிடத்தை இணையத்தில் போடாதீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள். எல்லாரும் நலமாக இருங்கள்.