லேசர்ப் பொறியை விற்பதற்கு முன்

நம் சங்கத்தின் லேசர் வெட்டும் பொறியை வந்த விலைக்கு விற்றுவிட்டு, கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒன்றை வாங்கிவிடலாம் என்றொரு யோசனை விடுதியில் உலவுகிறது. அடுத்த பொதுக்கூட்டத்தில் இது தீர்மானமாகவே வரக்கூடும் என்கிறார்கள். பொங்கல் விழாவுக்கு மேடை எழுத்துகள் வெட்ட வேண்டும். பொறியோ நின்ற இடத்தைவிட்டு அசைய மறுக்கிறது. ஆகவே விற்போம் என்பது அன்பர்களின் வாதம். இவ்வாதம் எனக்கு உடன்பாடன்று. ஏன் என்பதைக் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் எடுத்துச் சொல்ல இயலாது. ஆகவே இதழாசிரியரிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கினேன். தமிழ் இலக்கியம் பயிலும் நண்பர்கள் ‘இது நமக்கன்று’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. பொறியை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் அவர்களே.

இதனை நமக்கு முன் பயின்று சென்ற மூத்த மாணவர் மூவர் தம் கையால் கட்டினர். அலுமினியச் சட்டம், மூன்று ஸ்டெப்பர் மோட்டார், நீல ஒளி தரும் டையோடு லேசர் ஒன்று, ஆர்டுயினோ போர்டு. போர்டுக்குள் ஜி.ஆர்.பி.எல். என்னும் நிரல். 2009-ஆம் ஆண்டில் நார்வே நாட்டவர் ஒருவர் தொடங்கிய நிரல் இது. எவரும் காசின்றி எடுத்தாளலாம் என்று பொதுவில் விட்டிருக்கிறார்கள். உலகில் கையால் கட்டப்பட்ட இத்தகைய பொறிகள் மிகப் பலவற்றில் இதுவே இயங்குகிறது.

இப்பொறிக்குக் கண் இல்லை. மின்சாரம் கொடுத்தவுடன் லேசர்த் தலை சட்டத்தின் எந்த மூலையில் நிற்கிறது என்பதை அது அறியாது. கண்ணைக் கட்டி அறைக்குள் விட்ட பிள்ளை என்ன செய்யும்? கையை நீட்டிச் சுவரைத் தொடும். தொட்ட பிறகு அடிகளை எண்ணிக்கொண்டு நடக்கும். பொறியும் அதையே செய்கிறது. சட்டத்தின் ஓரத்தில் உள்ள லிமிட் சுவிட்சை நோக்கி விரைந்து செல்லும், தொடும், சிறிது பின்வாங்கும், மீண்டும் மெதுவாகச் சென்று ஒருமுறை தொட்டு உறுதி செய்துகொள்ளும். இதற்கு ஹோமிங் என்று பெயர். அந்த மூலைதான் பொறிக்கு வீடு. அங்கிருந்து அது எண்ணத் தொடங்குகிறது. நம் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைப்பது. ஒவ்வோர் அடியையும் டிரைவர் 16 நுண்ணடிகளாகப் பிரிப்பதால் சுற்றுக்கு 3,200. புல்லியில் 20 பல். பெல்ட்டில் பல்லுக்குப் பல் 2 மி.மீ.; ஆகவே ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. பெல்ட் நகரும். மி.மீட்டருக்கு 80 நுண்ணடி என்று வருகிறது. பொறிக்குத் தெரிந்த உலகம் முழுவதும் இந்த எண்பதுதான்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்டு அடிகளை எண்ணி அனுப்புகிறது. தலை உண்மையாகவே நகர்ந்ததா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. ஏதோ தடுத்துத் தலை நின்றுவிட்டாலும் போர்டின் கணக்கில் அது போய்க்கொண்டேதான் இருக்கும். லேசரும் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

சென்ற பருவத்தில் நடந்ததும் இதுவே. ஹோமிங் செய்தால் ‘அலாரம் 9’ வருகிறது. சுவிட்சைத் தேடினேன், எல்லை கடந்தும் கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். அலாரம் நிற்கும்வரை பொறி ஒன்றும் செய்யாது. ஆனால் ‘டாலர் எக்ஸ்’ என்று தட்டினால் பூட்டுத் திறந்துவிடும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நம்மவர்கள் வேறெதையும் கண்டுபிடிக்க முயலவில்லை. பூட்டைத் திறப்பது, தலையைக் கையால் மூலைக்குத் தள்ளுவது, வெட்டத் தொடங்குவது என்று வழக்கமாகிவிட்டது. ஒருநாள் 3 மி.மீ. ஒட்டுப்பலகையில் எழுத்து வெட்டும்போது தலை சட்டத்தில் போய் முட்டி நின்றது. பெல்ட் பல் மாறிக் கடகடவென்று ஓசை. ஒளி ஒரே புள்ளியில் விழுந்தது. பலகை கருகிப் புகை எழுந்தது. அருகில் இருந்தவர் பிளக்கைப் பிடுங்கியதால் புகையோடு போயிற்று. அவர் தேநீர் குடிக்கச் சென்றிருந்தால்? விடுதியின் அந்த அறையில் பழைய நாடகத் திரைகள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பொறியை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதைவிடப் பெரிய கேள்வி இது. வீடு அறியாத பொறிக்கு லேசரைக் கொடுப்பது தகாது. அலாரம் நம் வேலையைக் கெடுக்க வந்த தொல்லையன்று. பொறி சொல்லக்கூடிய ஒரே உண்மை அது. அந்த வாயை அடைத்துவிட்டுப் பொறியைப் பழித்தோம்.

அதன்பின் ஓர் அன்பர், மிக நல்லெண்ணத்தோடு, ஜி.ஆர்.பி.எல். நிரலைப் புதிதாக இறக்கிப் போர்டில் ஏற்றினார். அன்று முதல் ஹோமிங் கொடுத்தால் பொறி அசைவதே இல்லை. அரை நிமிடத்துக்கு மேல் சும்மா நிற்கிறது. பிறகு அதே அலாரம் 9. ‘போர்டு செத்துவிட்டது’ என்ற செய்தி பரவியது அன்றுதான். விற்கும் யோசனையும் அன்றுதான் பிறந்தது.

போர்டு சாகவில்லை. அந்த நிரல் முதலில் உளி ஏந்திக் குடையும் பொறிகளுக்காக எழுதப்பட்டது. உளி பொருளில் இடிக்காதிருக்க, முதலில் இசட் அச்சை மேலே தூக்கி, அதன்பின்தான் எக்ஸ், ஒய் அச்சுகளை வீடு சேர்க்கும். நம் பொறிக்கு இசட் அச்சே கிடையாது. இல்லாத மோட்டாரை ஓட்டி, இல்லாத சுவிட்சை அது தேடுகிறது. எவ்வளவு தூரம் தேடும்? நிரலில் இயல்பாக இசட் அச்சின் நீளம் 200 மி.மீ.; அதில் ஒன்றரை மடங்கு, 300 மி.மீ., தேடும். வேகம் நிமிடத்துக்கு 500 மி.மீ. கணக்குப் போட்டால் 36 வினாடி. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஏறத்தாழ அதுவே வந்தது. மூத்தவர்கள் இந்த இசட் தேடலை நீக்கிவிட்டு நிரலை ஏற்றியிருந்தனர். புதிய நிரல் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. முன்பு ஒரு கோளாறு இருந்தது. மருந்து கொடுத்தபின் இரண்டாயிற்று.

அப்படியானால் முதற் கோளாறு யாது? அதைத் தேடும் முறையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பௌதிகம் படித்தவர்களுக்கு மட்டும் உரிய வித்தை இதில் ஒன்றும் இல்லை. எதையும் மாற்றாமல் முதலில் பொறியைக் கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவே.

லேசருக்குச் செல்லும் ஒயரை முதலில் கழற்றி வைத்துவிட வேண்டும். இங்கே போர்டின் மேல் அச்சிட்ட பெயர்களை நம்பக் கூடாது. நம்மிடமுள்ள வகைப் பலகையில் ‘இசட்’ சுவிட்சு என்று எழுதியிருக்கும் முனையிலிருந்துதான் இன்றைய நிரலில் லேசருக்கு ஆணை செல்கிறது. அதன்பின் போர்டுக்கு ஒரு கேள்விக்குறியை அனுப்பினால் அது தன் நிலையைச் சொல்லும். எக்ஸ் சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டு கேட்டால் விடையில் எக்ஸ் என்ற எழுத்துச் சேர வேண்டும். விட்டுவிட்டுக் கேட்டால் மறைய வேண்டும். மோட்டார் ஓடத் தேவையில்லை; ஆபத்தும் இல்லை. எழுத்து வந்துவிட்டால் சுவிட்சும் ஒயரும் நலம், கோளாறு வேறிடம். வராவிட்டால் மோட்டாரையும் அமைப்பு எண்களையும் தொடவே வேண்டா. இந்த ஒரு கேள்வி பாதிப் பொறியை ஐயத்திலிருந்து விடுவித்துவிடுகிறது.

நம் பொறியில் எழுத்துச் சில சமயம் வந்தது. சில சமயம் வரவில்லை. மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒயரை அங்கங்கே வளைத்துப் பார்த்தபோது, தலையோடு கூடவே ஆடி ஆடி மடங்கும் இடத்தில், மேலுறை நன்றாக இருக்க உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. தலை ஒரு பக்கம் நின்றால் முனைகள் தொடும். மறுபக்கம் சென்றால் விலகும். சுவிட்சை முட்டினாலும் செய்தி போர்டுக்குப் போகாது. இத்தனைக்கும் காரணம் ஒரு முழ ஒயர்! அதன் விலை நம் கேண்டீனில் ஒருவேளைத் தேநீரைவிட அதிகமன்று.

அச்சுகள் தவறாக நகரும் குறை வேறு. 100 மி.மீ. நகரச் சொல்லி அளந்து பாருங்கள். ஐந்தாறு முறை அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சரியாக 50 மி.மீட்டரே நகர்ந்தால் அது கணக்குப் பிழை. ஏ4988 டிரைவர் இருந்த இடத்தில் டி.ஆர்.வி.8825 டிரைவரைச் செருகினால், நுண்ணடி 16-க்குப் பதில் 32 ஆகி இப்படித்தான் பாதியாகும். ஒருமுறை 99, ஒருமுறை 96, ஒருமுறை 100 என்று மாறி மாறி வந்தால் எண்களைத் திருத்திப் பயனில்லை. அங்கே ஏதோ வழுக்குகிறது. பெரும்பாலும் புல்லியைத் தண்டில் இறுக்கும் சிறு திருகாணி தளர்ந்திருக்கும். தண்டிலும் புல்லியிலும் சேர்த்து ஒரு மைக்கோடு போட்டு ஓட்டிப் பார்த்தால் கோடு பிரிவது கண்ணுக்கே தெரியும். டிரைவர் சூடேறி இடையிடையே ஓய்ந்துவிடுவதும் உண்டு. மோட்டார் உறுமுகிறதே அன்றிச் சுழலவில்லையானால் அதன் நான்கு ஒயர்கள் இணை மாறியிருக்கலாம். ஆனால் மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்காதீர்கள். டிரைவர் அக்கணமே போய்விடும்.

கையால் தள்ளும் வழக்கத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ஒய் அச்சுக்கு இரு பக்கமும் இரண்டு மோட்டார் உண்டு. ஒரு பக்கத்தைப் பிடித்துத் தள்ளினால் குறுக்குச் சட்டம் கோணிக்கொள்ளும். நம் விழாப் பலகையில் எழுத்துகள் சாய்ந்து நின்றதை ‘புதுப் பாணி’ என்று பாராட்டினார்கள். பாணியன்று, சட்டத்தின் கோணல்! ஒரு சதுரத்தை வெட்டி மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தால் தெரிந்துவிடும்.

இனி, கடையில் வாங்குவோம் என்பவர்களுக்கு ஒரு சொல். அவர்கள் விரும்புவது கரியமிலவாயுக் குழாய் உள்ள பெரிய பொறி. நல்ல பொறிதான். அந்த லேசரை 1964-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டவர், நம் நாட்டில் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அதன் ஒளி 10.6 மைக்ரான் அலைநீளம் உடையது, கண்ணுக்குத் தெரியாது. குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். அந்த உயர் மின்னழுத்தத்தின் இரைச்சல் சுவிட்சு ஒயர்களில் ஏறி, அழுத்தாத சுவிட்சை அழுத்தியதாகக் காட்டுவதும் உண்டு. உள்ளே பார்த்தால் அதே ஸ்டெப்பர் மோட்டார், அதே பெல்ட், அதே சுவிட்சு. அங்கும் ஒருநாள் ஒயர் அறும். அன்றும் பூட்டைத் திறந்து கையால் தள்ளுவோமாயின், நீல ஒளியில் கருகிய பலகைக்குப் பதில் வேறு எது கருகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே கூட்டத்தில் நான் விற்பனையை எதிர்க்கப் போகிறேன். அதற்குப் பதிலாக மூன்று காரியங்களைக் கேட்பேன். ஹோமிங் ஆகாத பொறியில் எவரும் லேசரை இணைக்கக் கூடாது என்று சங்கமே விதி செய்ய வேண்டும். பூட்டைத் திறக்கும் கட்டளை தலையை ஓரத்திலிருந்து விலக்கவும் பழுது பார்க்கவும் மட்டுமே. சுவிட்சுகளை இப்போது போல் அழுத்தினால் மூடும் முறையில் இணைக்காமல், அழுத்தினால் திறக்கும் முறைக்கு மாற்ற வேண்டும். அப்போது ஒயர் அறுந்தாலும் பொறி அதைச் சுவிட்சு அழுத்தப்பட்டதாகவே கொண்டு, ஓரத்தில் போய் முட்டாமல் நின்றுவிடும். இதற்கு டாலர் 5 என்ற அமைப்பை 1 ஆக்க வேண்டும். பயன்படாத இசட் முனையையும் தரை முனையோடு இணைத்துவிட வேண்டும். இல்லையேல் போர்டு அதையும் அழுத்திய சுவிட்சு என்றே கருதும். மூன்றாவதாக, பொறியின் பக்கத்தில் ஒரு குறிப்பேடு. யார் எந்த எண்ணை எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்று எழுதி வைக்க வேண்டும். மூத்தவர்கள் இசட் தேடலை நீக்கியதை ஒரு வரி எழுதி வைத்திருந்தால் பாதிக் குழப்பம் நேர்ந்திராது. அவர்கள் மேல் எனக்குள்ள குறை இது ஒன்றுதான்.

புது ஒயர் போட்டாயிற்று. இசட் தேடலை நீக்கி நிரலை ஏற்றும் வேலையும், சுவிட்சுகளை மாற்றும் வேலையும் மிச்சம். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் தொடங்குகிறோம். தமிழ்த்துறை நண்பர்கள் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் எடுத்து வரவும். சங்கத்தினுடையதில் பேட்டரி இல்லை.