பாத்தி கிண்டிய காலை

பொங்கலுக்குப் பாரிஸில் இருந்து வந்த மருமகள் ஒரு சின்னப் போத்தல் கொண்டுவந்தாள். “மாமி, ஒருக்கா மணந்து பாருங்கோ” என்று என் மணிக்கட்டில் பூசிவிட்டாள். பூ மணமில்லை, சந்தனமும் இல்லை. சந்தையால் வந்த பீற்றூட்டைக் கழுவ முந்திக் கையில் எடுத்தால் வருமே, அந்த மணம். எனக்குப் பிடித்துப் போயிற்று.

மல்லிகை, ரோசா என்றிருந்த வாசனைத் தயாரிப்பாளர்களில் சிலர் இப்போது கரட், பீற்றூட், தக்காளி இலை என்று தோட்டத்துக்குள் இறங்கியிருக்கிறார்கள். 1990களிலேயே நியூயோர்க்கில் கிறிஸ்டோபர் புரோசியஸ், டிமீற்றர் நிறுவனத்துக்காக மண், புல், தக்காளி என்று அதே பெயர்களில் போத்தல் அடைத்தார். வட இந்தியாவின் கன்னோஜ்காரருக்கு இது புதிதல்ல. சுட்ட களிமண் வில்லைகளைச் செப்புப் பானையில் தண்ணீரோடு காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி, முதல் மழையின் மணத்தைத் தலைமுறை தலைமுறையாக அத்தராக்குகிறார்கள்.

மண் மணத்துக்குக் காரணமான பொருளுக்கு 1965இல் ஜியோஸ்மின் என்று பெயர் வைத்தார்கள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. பீற்றூட்டில் மணப்பதும் அதுதான். இலட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே நமது மூக்குக்குத் தெரிந்துவிடும். 2020இல் வந்த ஓர் ஆய்வை வாசித்தபோது மெய்சிலிர்த்தது. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு, மண்ணுக்குள் துள்ளித் திரியும் சிறு பூச்சிகள் தின்ன வருமாம். நுண்ணுயிரின் வித்துகளைச் சுமந்துபோய் வேறிடம் சேர்க்குமாம். பூ வண்டை அழைக்கிற அதே வேலை. பழந்தமிழில் நாற்றம் என்ற சொல் நல்ல மணத்தையும் குறித்தது. பூவுக்கும் மண்ணுக்கும் அந்த ஒரு சொல் போதும் என்றே எனக்குப் படுகிறது.

மறுநாள் விடிய அவளை வளவின் பின்பக்கம் கூட்டிப்போனேன். புரட்டாதியில் பனங்கொட்டை அடுக்கிய பாத்தி. எங்கள் வளவு மணல் மண்; மண்வெட்டி போட்டதும் சரிந்து விழும். மேலே காய்ந்து கிடக்கும், ஒரு சாண் கீழே ஈரம். முதல் கிழங்கை இழுத்து, தோலை உரித்து, நகத்தால் கீறி அவள் மூக்கருகே பிடித்தேன். ஈர மணல், பச்சை மா, தேங்காய்ப்பால் போல ஒரு மெல்லிய இனிப்பு, அதற்கடியில் தொண்டையைத் தொடும் கசப்பு. கொட்டையைக் கத்தியால் பிளந்து, உள்ளே பஞ்சுபோலிருக்கும் பூரானை எடுத்துக் கொடுத்தேன். தின்னாமல் மணந்துகொண்டே நின்றாள்.

“மாமி, அந்தப் போத்திலுக்கை மண் மட்டும்தான் இருக்கு. இதிலை சாப்பாடும் மணக்குது.”

அவள் சொன்னது சரி. கரட் மணத்துக்குக்கூடப் பெரும்பாலும் கரட் விதையில் வடித்த எண்ணெயைத்தான் சேர்க்கிறார்கள். பனங்கிழங்கை வடித்தாலும் பிடிபடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பூவின் மேல் கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து, அதைச் சுற்றிய காற்றை இழுத்து, அதில் என்னென்ன இருக்கிறதென்று படிக்கும் முறை எப்போதோ வந்துவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து வேதியியல் பிள்ளைகள் யாராவது இந்தக் கிழங்குக்கும் அதைச் செய்து பார்க்க வேண்டும். அவித்த கிழங்கும் காயவைத்த ஒடியலும் உதவாது, அவற்றின் மணம் வேறு. பாத்தியடிக்கே குடுவை வரவேண்டும். குறிகட்டுவானில் காலைப் படகு பிடித்தால் வெயில் ஏற முந்தி எங்கள் தீவுக்கு வந்துவிடலாம். பாத்தியில் இரண்டு முழம் கிண்டாமல் விட்டு வைத்திருக்கிறேன்.