"என்னென்ன மொழிகள் பேசுவீர்கள்?" – தேஹு ரோட்டிலிருந்து ஒரு ஜெர்மன் வகுப்புக்கு

தொடக்கநிலை ஜெர்மன் பாடநூல்களின் முதல் சில பாடங்களுக்குள்ளேயே ஒரு கேள்வி வந்துவிடும். "வெல்ஹெ ஷ்ப்ராஹென் ஷ்ப்ரெஹென் ஸீ?" என்பது அது. என்னென்ன மொழிகள் பேசுவீர்கள் என்று பொருள். புனேயின் வகுப்பறையில் தேஹு ரோட்டிலிருந்து வரும் ஒரு தமிழ் மாணவி எழுந்து விடை சொல்கிறாள் என்று கொள்வோம். ஆங்கிலம், இந்தி, மராத்தி என்று சொல்லி அவள் அமர்ந்துவிடுவாள். வீட்டில் அம்மாவிடமும் பாட்டியிடமும் பேசும் மொழி அந்தப் பட்டியலில் வராது. அதை எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது, ஆகவே அது கணக்கில் சேராது என்பது அவளது எண்ணம். ஆசிரியரும் அடுத்த மாணவரிடம் போய்விடுவார். தொடக்கநிலை அயல்மொழிக் கல்வியின் பெரிய இழப்பு ஒன்று அந்த நொடியில் நிகழ்ந்து முடிகிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை.

தேஹு ரோடு படைத்துறையைச் சுற்றி வளர்ந்த ஊர். பழைய மும்பை–புனே சாலையும் லோணாவளா புறநகர் ரயில் தடமும் அதன் வழியே செல்கின்றன. படைக்கலக் கிடங்கு, வெடிமருந்துக் கிடங்கு, படைக்கலத் தொழிற்சாலை ஆகியவற்றில் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே வாழ்கின்றன. துக்காராமின் தேஹு அருகில் இருக்கிறது. 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவியதும் இவ்வூரில்தான். இங்கே வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, கடையில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என நான்கு மொழிகள் பத்து வயதுக்குள் பழகிவிடுகின்றன. ஐந்தாவதாக ஜெர்மன் வருகிறது.

அது ஏன் வருகிறது என்பதை விளக்கத் தேவையில்லை. பிம்ப்ரி–சிஞ்ச்வடும் சாக்கணும் ஜெர்மானியத் தொழில் நிறுவனங்களுக்குப் பழகிய இடங்கள். சாக்கணில் ஃபோக்ஸ்வாகன் 2009-இல் ஆலை திறந்தது. திறன்பெற்ற இந்தியப் பணியாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000-இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. செவிலியராகச் செல்வோர், பொறியியல் மேற்படிப்புக்குச் செல்வோர், அங்குள்ள கணவரிடமோ மனைவியிடமோ சேரச் செல்வோர் என எல்லோருக்கும் ஏதேனும் ஒரு படிநிலைச் சான்றிதழ் வேண்டியிருக்கிறது. பெர்குசன் கல்லூரிச் சாலையில் ரானடே நிறுவன வளாகத்தில் இயங்கும் சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்தின் அயல்மொழித் துறைக்கும், மாக்ஸ் முல்லர் பவனுக்கும், நகரெங்கும் உள்ள தனியார் வகுப்புகளுக்கும் மாணவர்கள் செல்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே. மேல்நிலை வகுப்புகளில் மதிப்பெண்ணுக்காகத் தாய்மொழியை விட்டு ஜெர்மனை எடுப்பது புனேயில் பழைய வழக்கம். பிழைப்புக்காக மொழி கற்பதில் இழிவேதும் இல்லை. தேஹு ரோட்டின் தமிழர்கள் மராத்தியைக் கற்றதும் அப்படித்தான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தொடக்கநிலை ஜெர்மன் இங்கே ஆங்கிலத்தின் வழியாகவே, ஆங்கிலத்துக்கு மட்டுமே அயலான மொழிபோலக் கற்பிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் இல்லாத ஒவ்வொரு கூறும் விசித்திரம் என்று அறிமுகமாகிறது. பயனிலை வாக்கியத்தின் இறுதிக்குப் போவது விசித்திரம், வேற்றுமை விசித்திரம், மரியாதைப் பன்மை விசித்திரம், உயிரற்ற பொருளுக்குப் பால் இருப்பது மிகப் பெரிய விசித்திரம். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவிக்கு இவற்றில் பெரும்பாலானவை பழக்கமானவை. அது அவளுக்கே தெரியாதபடி செய்துவிடுவதுதான் இந்தக் கற்பித்தல் முறையின் கோளாறு.

சில எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம். "எனக்குக் குளிர்கிறது" என்பதற்கு ஜெர்மனில் "மிர் இஸ்ட் கல்ட்" என்பார்கள். "மிர்" என்பது "எனக்கு". ஆங்கிலத்தை மனத்தில் வைத்து மொழிபெயர்க்கும் மாணவர் "இஷ் பின் கல்ட்" என்று சொல்லிவிட்டுத் திருத்தப்படுகிறார். "இஷ்" என்பது "நான்". உலகெங்கும் தொடக்கநிலை வகுப்புகளில் காணப்படும் பிழை இது. தமிழில் யாரும் "நான் குளிராக இருக்கிறேன்" என்று சொல்வதில்லை. மராத்தியிலும் "மலா தண்டீ வாஜ்தே" என்றுதான் சொல்வார்கள்; "மலா" என்பதும் "எனக்கு" என்பதே. உணர்வை அடைபவரை நான்காம் வேற்றுமையில் வைப்பது தென்னாசிய மொழிகள் பலவற்றின் பொதுப் பண்பு. "எனக்கு அது பிடித்திருக்கிறது" என்பதும் ஜெர்மனில் இதே நான்காம் வேற்றுமையில்தான் வருகிறது. மாணவி வீட்டு மொழியிலிருந்து நேராகச் சென்றிருந்தால் பிழை நேர்ந்திருக்காது. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போனதால் நேர்ந்தது.

வாக்கிய அமைப்பும் அப்படியே. "வைல் இஷ் ஹொய்ட்டெ இன் பூனெ ஆர்பைட்டெ" என்ற துணைவாக்கியத்தில் "வைல்" என்ற காரணச் சொல்லை நீக்கிவிட்டு வரிசையைப் பார்த்தால் நான், இன்று, புனேயில், வேலைசெய்தல் என்று வரும். தமிழின் "நான் இன்று புனேயில் வேலை செய்வதால்" என்ற தொடரின் வரிசை அச்சு மாறாமல் இருக்கிறது. காரணத்தைத் தமிழ் இறுதியில் "ஆல்" என்று ஒட்டுகிறது, ஜெர்மன் முன்னால் தனிச்சொல்லாக வைக்கிறது, வேறுபாடு அவ்வளவே. வினையை இறுதிக்குத் தள்ள வேண்டும் என்று விதியாகக் கற்பிக்கப்படுவது, வினையை இறுதியில் வைத்தே பேசி வளர்ந்தவருக்கு விதியாக வேண்டியதில்லை.

கூட்டுச்சொற்களில் இன்னும் சுவையான ஒற்றுமை உண்டு. "ஆர்பைட்" என்பது வேலை, "பிளாட்ஸ்" என்பது இடம். இரண்டும் சேரும்போது "ஆர்பைட்ஸ்பிளாட்ஸ்" என்று நடுவில் ஓர் "ஸ்" தோன்றுகிறது. பொருளற்ற இந்த ஒலி ஏன் வருகிறது என்று மாணவர்கள் கேட்க, அது அப்படித்தான் என்று விடை கிடைக்கிறது. மரம், கிளை இரண்டும் சேர்ந்து மரத்துக்கிளை ஆகும்போது இடையில் வரும் "அத்து" எதுவோ, ஏறக்குறைய அதுதான் இது. தமிழ் இலக்கணம் அதற்குச் சாரியை என்று தொல்காப்பியக் காலத்திலேயே பெயர் வைத்துவிட்டது. அதைப் போலவே, "ஷ்டட்" என்றால் நகரம், "ஷ்டாட்" என்றால் அரசு. இந்த வேறுபாட்டைக் கேட்கவும் எழுதவும் குறில், நெடில் அறிந்த எவருக்கும் சிக்கல் இல்லை.

"டூ", "ஸீ" என்ற இரண்டு முன்னிலைச் சொற்களைப் பண்பாட்டுப் பாடமாகவே நடத்துகிறார்கள். யாரை எப்படி விளிப்பது என்பது ஜெர்மானியச் சமூகத்தின் நுட்பம் என்று விளக்கப்படுகிறது. நீ, நீங்கள், தாங்கள் என்று தமிழிலும், தூ, தும்ஹி, ஆபண் என்று மராத்தியிலும் நாள்தோறும் அளந்து பேசும் ஒருவருக்கு அந்த நுட்பத்தைப் புதிதாக விளக்க என்ன இருக்கிறது? "ஸீ" என்பது "அவர்கள்" என்ற படர்க்கைச் சொல் மரியாதை கருதி முன்னிலைக்கு வந்தது. "தாங்கள்" என்பதும் படர்க்கையில் தற்சுட்டாக வழங்கிய சொல் முன்னிலை மரியாதைக்கு வந்ததே. ஒருவரை நேராகச் சுட்டாமல் சற்று விலகி நின்று மதிப்பளிக்கும் மனம் இரு சமூகங்களிலும் ஒரே வழியில் இயங்கியிருக்கிறது. பண்பாட்டைப் பற்றிய உரையாடல் தொடங்க இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

எல்லாமே பொருந்திவிடும் என்று கூறுவது பொய்யாகும். தலைமைவாக்கியத்தில் ஜெர்மன் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். தமிழும் மராத்தியும் அதற்கு உதவமாட்டா. இந்தியாவில் காஷ்மீரியில் அந்தப் பண்பு உண்டு. மேசை ஆண்பாலாகவும் விளக்கு பெண்பாலாகவும் இருப்பதைத் தமிழால் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் மராத்தியில் மூன்று பால்கள் உண்டு. உயிரற்ற பொருள்களுக்கும் அவை பொருந்தும். ஜெர்மனில் குழந்தையைக் குறிக்கும் "கிண்ட்" அலிப்பால். மராத்தியின் "மூல்" என்பதும் அலிப்பால். தமிழில் "குழந்தை அழுகிறது" என்று அஃறிணை முடிபு கொள்கிறோம். தமிழ் கைவிடும் இடத்தில் மராத்தி கைகொடுக்கிறது. தேஹு ரோட்டின் பிள்ளைக்கு இரண்டுமே இருக்கின்றன. அந்த வகையில் சென்னையிலிருந்து வரும் மாணவரைவிட அவளுக்கு முதல் கூடுதல்.

இனி, பண்பாடு. தொடக்கநிலைப் பாடநூலில் பண்பாடு என்பது உணவகத்தில் ரொட்டி கேட்பதும், ரயில் நேரம் பார்ப்பதும், குப்பையை வகை பிரிப்பதும், அக்டோபர்த் திருவிழாவும், பெர்லின் சுவருமாக இருக்கிறது. இந்தியத் தொடர்பு பற்றிப் பேச நேர்ந்தால் சாகுந்தலத்தைக் கதே வியந்ததும் மாக்ஸ் முல்லரின் வேத ஆய்வும் வரும். இந்தியாவில் ஜெர்மன் கற்பிக்கும் நிறுவனமே அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவரோ இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. அவர் பிறந்தது 1823-இல். அதற்கு 117 ஆண்டுகளுக்கு முன், 1706 ஜூலையில், சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிவிட்டார். பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிக் கற்றார். 1708-இலேயே 100-க்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் தயாரித்தார். ஹாலே நகரில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டுத் தரங்கம்பாடிக்குக் கப்பலேறின. 1714-இல் அவர் ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் உடன் சென்றார். 1716-இல் ஹாலேயில் சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் இலத்தீனில் அச்சேறியது. 1856-இல் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். புனேயில் ஜெர்மன் கற்கும் தமிழ் மாணவர்களில் எத்தனை பேரிடம் இது சொல்லப்படுகிறது?

அந்த இலக்கணத்தில் இன்றைய வகுப்பறைக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. சீகன்பால்கு தமிழின் வேற்றுமைகளையும் வினைகளையும் இலத்தீன் இலக்கணத்தின் அறைகளுக்குள் அடுக்கினார். அவருடைய வாசகர்கள் கற்றிருந்தது இலத்தீன் என்பதால் வேறு வழி இல்லை. அறைக்குள் அடங்காதவை ஓரமாயின. இன்று அந்த இலத்தீனின் இடத்தில் ஆங்கிலம் அமர்ந்திருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு: சீகன்பால்குவின் வாசகர்களுக்குத் தமிழ் தெரியாது, நம் மாணவர்களுக்கோ வீட்டில் கற்ற மொழிகள் இருக்கின்றன. அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது.

மொழிகளை மாணவரின் உடைமையாகக் காணாமல் கால அட்டவணையின் கட்டங்களாகக் காணும் பழக்கம் வகுப்பறையோடு முடிவதும் இல்லை. படைத்துறைக் குடும்பங்களின் பிள்ளைகள் பெருமளவில் பயிலும் கேந்திரிய வித்யாலயாக்களில் 2011 முதல் ஜெர்மன் மூன்றாம் மொழியாக இருந்தது. 2014-இல், கல்வியாண்டின் நடுவில், அது நீக்கப்பட்டுச் சமஸ்கிருதம் வைக்கப்பட்டது. 70,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அலைக்கழிந்தனர். எந்த மொழி வேண்டும் என்று தலைவர்களும் அதிகாரிகளும் நீதிமன்றத்திலும் நாளிதழிலும் வாதிட்டனர். அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே என்னென்ன மொழிகள் இருக்கின்றன என்ற கேள்விக்கு அந்த விவாதத்தில் இடமே கிடைக்கவில்லை.

ஒரு வகுப்பில் பல தாய்மொழியினர் இருக்கும்போது ஆங்கிலம் தவிர வேறு பொதுமொழி ஏது என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழில் பாடம் நடத்துங்கள் என்று யாரும் கோரவில்லை. ஒவ்வொரு இலக்கணக் கூறையும் அறிமுகப்படுத்தும்போது "இதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டால் போதும். ஆசிரியருக்கு அம்மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. விடையைக் கொண்டுவருவது மாணவரின் பொறுப்பு. மராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று ஐந்து வாக்கியங்கள் கரும்பலகையில் வரிசையாக நின்றால், ஜெர்மனின் விசித்திரங்களில் பாதி தாமாகவே மறைந்துவிடும். ஆங்கிலந்தான் அந்த வரிசையில் தனித்து நிற்பது தெரியவரும். பண்பாட்டுப் பாடத்தில் ஒரு மணி நேரத்தைத் தரங்கம்பாடிக்கும் ஹாலேக்கும் ஒதுக்கினால் பாடத்திட்டம் ஒன்றும் குலைந்துவிடாது.

இதனால் மாணவி பெறுவது எளிதாகக் கிடைக்கும் தேர்ச்சி மட்டும் அன்று. சாக்கணில் வேலை கிடைக்கலாம், ஜெர்மனிக்குச் செல்லலாம், இரண்டுமே நடக்காமலும் போகலாம். எப்படியாயினும், எழுதத் தெரியாத தன் தமிழுக்குள் வேற்றுமையும் சாரியையும் மரியாதையின் படிகளும் ஒழுங்காக இருக்கின்றன என்பதை ஓர் அயல்மொழி வகுப்பில் அவள் கண்டுகொள்வாள். அதன் பிறகு அந்த எழுத்துகளைக் கற்கவும் அவளுக்குத் தோன்றலாம். தன்னிடம் ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொண்டு மொழி கற்பவருக்கும், நான்கு மொழிகளின் உரிமையாளராக ஐந்தாவதைக் கற்பவருக்கும் உள்ள தொலைவு பெரிது. முதல் பாடத்தின் அந்தக் கேள்விக்கு அவள் தமிழையும் சேர்த்து விடை சொல்லும்படி வகுப்பறை இருக்க வேண்டும். அதற்குப் புதிய நிதியோ புதிய பாடநூலோ வேண்டாம். விடையைக் கேட்டபின் ஆசிரியர் சற்று நின்று, வேறு மொழி எதுவும் உண்டா என்று இன்னொரு முறை கேட்க வேண்டும்.