உள்ளங்காலைப் பார்த்ததுண்டா?

இந்த வாரம் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். முகத்தைத் தினம் பத்துத் தடவை கண்ணாடியில் பார்த்துக் கொள்கிறோம். ஒரு பரு எட்டிப் பார்த்தால் உடனே கண்ணில் படுகிறது. ஆனால் உங்கள் உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் கால் நகங்கள் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியுமா?

சிரிக்காதீர்கள். காரணத்தோடுதான் கேட்கிறேன்.

சென்னைக்கு வடக்கே சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் பழவேற்காடு இருக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உப்பங்கழி ஏரி அங்கேதான். 1613-இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். பூநாரை பார்க்க நம்மில் சிலர் போயிருப்போம். போகாதவர்கள் வீட்டுக்கும் அந்த ஊர் இறாலாக, நண்டாக, மடவையாக வந்து சேருகிறது.

அந்த இறாலைப் பிடிப்பவர்கள் எல்லோரும் படகில் போகிறவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். இருளர் குலப் பெண்கள் படகும் இல்லாமல், வலையும் இல்லாமல் ஏரியில் இறங்குகிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக் கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவியே இறால் பிடிக்கிறார்கள். மேலே வெயில், கீழே உப்பு நீரும் சேறும். சிப்பி ஓடு காலைக் கிழிக்கும். கெளுத்தி முள் குத்தும். நாள் முழுவதும் நீரில் ஊறும் புண் எளிதில் ஆறாது.

இப்படிப்பட்ட ஒரு காலில் கறுப்பாக ஒரு புள்ளி தோன்றினால் யாருக்காவது சந்தேகம் வருமா? ஒரு புண் இரண்டு மாதமாக ஆறாமல் இருந்தால்தான் என்ன நினைப்பார்கள்? "முள் குத்தினது, சரியாப் போயிடும்" என்று மஞ்சளை அரைத்துப் பூசிவிட்டு மறுநாளும் ஏரிக்குப் போவார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை அது வெறும் முள் குத்தின புண்தான். மிச்சமிருக்கும் அந்த ஒன்றைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது. சருமத்திலே வரும் கான்ஸர் அது.

"அது வெள்ளைக்காரர்களுக்கு வருகிற வியாதி அல்லவா? நம் கறுப்புத் தோலுக்கு ஏது?" என்பீர்கள். பாதி சரி. ஆஸ்திரேலியாவில் வெயில்பட்டே ஏராளமானவர்களுக்குச் சருமப் புற்றுநோய் வருகிறது. நம் தோலில் இருக்கும் கறுப்புச் சாயம் ஒரு குடை மாதிரி நம்மைக் காக்கிறது. ஆகவே நமக்கு அது மிகவும் குறைவு. ஆனால் அந்தக் குடைக்கு வெளியே சில இடங்கள் இருக்கின்றன. உள்ளங்கையும் உள்ளங்காலும் எந்த ஜாதி மனிதருக்கும் வெளிறித்தான் இருக்கும். சருமப் புற்றில் மிகப் பொல்லாததான மெலனோமா, நம்மைப் போன்றவர்களுக்கு வரும்போது, பெரும்பாலும் உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தின் அடியிலும்தான் வருகிறது. வெயிலுக்கும் அதற்கும் அதிக சம்பந்தம் இல்லை. நாம் பார்க்காத இடமாகப் பார்த்து அது உட்காருகிறது.

ஜமைக்கா தேசத்துப் பாடகர் பாப் மார்லியைப் பற்றி உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். அவர் பாட்டைப் பாடியே காட்டுவார்கள். அவருக்குக் கால்பந்து ஆட்டத்தில் உயிர். கால் விரல் நகத்தின் கீழே ஒரு கோளாறு தெரிந்தபோது ஆட்டத்தில் பட்ட அடி என்றே எண்ணப்பட்டது. 1977-இல் பரிசோதித்ததில் மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்துவிடச் சொன்னார்கள் டாக்டர்கள். அவர் சம்மதிக்கவில்லை. நகத்தையும் அதன் அடித்தோலையும் மட்டும் எடுத்துச் சிகிச்சை செய்தார்கள். நோய் உள்ளே பரவிவிட்டது. 1981 மே மாதம் காலமானார். வயது 36. பழவேற்காட்டில் முள்ளின் மேல் பழி. அங்கே பந்தின் மேல் பழி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு வகையும் உண்டு. பழைய தீக்காயத் தழும்பு, வருஷக்கணக்கில் ஆறாத புண், ஓயாமல் உராய்ந்து தடித்த தோல், இவற்றிலே மெதுவாக வரும் புற்று. காஷ்மீரத்தில் குளிருக்காக நெருப்புச் சட்டியை அங்கிக்குள் வைத்துக் கொள்வார்கள்; காங்ரி என்று பெயர். அந்தச் சூடு பட்டுப் பட்டு வயிற்றிலும் தொடையிலும் வரும் புற்றைப் பற்றி ஸ்ரீநகர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் எர்னஸ்ட் நீவ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். பம்பாயில் டாக்டர் கனோல்கர் 1945-இல், வேஷ்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பில் வரும் புற்றை எடுத்துச் சொன்னார். நம் பாவாடை நாடாவும் விதிவிலக்கல்ல. வயதான இரு பெண்களுக்கு, இடுப்பில் உடையை இறுக்கிக் கட்டிய இடத்திலேயே புண் வந்து புற்றானதை 2024-இல் வார்தா, பீகார் டாக்டர்கள் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஒருவர் ஒன்றரை வருஷமும் மற்றவர் இரண்டு வருஷமும் ஆறாத புண்ணோடு இருந்திருக்கிறார்கள்.

பயந்துவிடாதீர்கள். நாடா கட்டுகிற எல்லோருக்கும் இது வருவதில்லை. மிக மிக அபூர்வம். நாடாவைச் சற்று அகலமாக வைத்து, தளர்த்திக் கட்டுங்கள். இடுப்பில் தோல் உரிந்து புண்ணானால் கவனியுங்கள். அது போதும்.

சரி, எதைக் கவனிப்பது? சொல்கிறேன்; கத்தரித்து வைத்துக் கொள்ளுங்கள்.

மச்சம்: உடம்பில் மச்சம் இருப்பது சகஜம். பழைய மச்சம் திடீரென்று வளர்ந்தாலோ, ஓரம் கோணல்மாணலாகப் பரவினாலோ, ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம் தெரிந்தாலோ, அரித்தாலோ, இரத்தம் கசிந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ புதிதாக ஒரு கறை தோன்றி, அது மிளகைவிடப் பெரிதாகிக் கொண்டே போனாலும் அப்படியே.

நகம்: அடிபட்டு இரத்தம் கட்டினால் நகம் கறுக்கும். ஆனால் நகம் வளர வளர அந்தக் கறுப்பு முன்னால் நகர்ந்து போய்விடும். நகராமல், அடியிலிருந்து நுனிவரை கோடாக நின்று, அகலமாகிக் கொண்டே வந்தால் அது அடிபட்டதல்ல. நம்மவர்களில் பலருக்குப் பல நகங்களில் மெல்லிய கோடு இயற்கையாகவே இருக்கும். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து, பக்கத்துத் தோலுக்கும் பரவினால் தாமதிக்கக் கூடாது.

புண்: எந்தப் புண்ணும் ஒரு மாதத்தில் ஆற வேண்டும். ஆறவில்லை என்றால், ஆறி ஆறி மறுபடி உடைந்தால், பழைய தழும்பில் புதிதாகப் புண் கண்டால், மஞ்சளை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

எப்போது பார்ப்பது? அதற்கு நம் பெரியவர்களே வழி வைத்திருக்கிறார்கள். மாதத்தின் முதல் எண்ணெய்க் குளியலன்று, பெண்கள் வெள்ளியும் ஆண்கள் சனியும், எண்ணெய் ஊறுகிற நேரத்தில் பார்த்துக் கொள்ளலாம். வெளிச்சத்தில் உட்கார்ந்து விரல் இடுக்குகள், நகங்கள், உள்ளங்கால், இடுப்பு என்று வரிசையாகப் பாருங்கள். முதுகையும் தலையையும் வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். பத்து நிமிஷம் ஆகாது. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இதைப் பழக்கிவிட்டால் ஆயுள் முழுவதும் உதவும்.

செய்யக் கூடாததும் உண்டு. சுண்ணாம்பும் சோடாவும் வைத்து மச்சத்தை எரிப்பது, தலைமயிரால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் சீவுவது, இவை வேண்டவே வேண்டாம். அது என்ன என்று சோதித்துப் பார்க்கும் வழியையே அடைத்துவிடுகிறோம். "கத்தி பட்டால் பரவும்" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதால் புற்று பரவுவதில்லை. சோதிக்காமல் விடுவதால்தான் பரவுகிறது. ஆரம்பத்தில் கண்டால் மரத்துப் போக ஊசி போட்டு, சிறு அறுவையோடு முடிந்துவிடும். மிகப் பெரும்பாலோர் பூரண குணமடைகிறார்கள்.

இதெல்லாம் நகரத்தில் இருக்கும் நமக்குச் சுலபம். பழவேற்காட்டில்? அங்கே இறால் வலை போடுவதற்குப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்று இன்னாருக்கு இந்த இடம் என்று முறை வைத்துத் தொழில் செய்வார்கள். தன் முறை வரும் நாளில் ஒரு மச்சத்தைக் காட்டப் பொன்னேரிக்கோ சென்னைக்கோ போனால் அன்றைய வரும்படி போயிற்று. கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்ணுக்கு முறைகூடக் கிடையாது. இறங்கினால்தான் அன்று அடுப்பு எரியும். இந்த நிலையில் "ஏன் முன்னமே வரவில்லை?" என்று கேட்பது சுலபம். ஒரு நாள் கூலிக்குப் பயந்து தள்ளிப் போட்டது, பிற்பாடு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்க வைக்கும் என்பதை அவர்களுக்கு யாராவது அன்பாகச் சொல்ல வேண்டும்.

அந்த யாராவது ஒரு பெண்ணாகவே இருக்கட்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிடாமல், இந்திய மாதர் சங்கத்தின் மூலம் 1954-இல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஆரம்பத்தில் பன்னிரண்டே படுக்கைகள். அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் கண் மூடும்வரை அந்த நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார்.

நம்மால் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஆனால் வாசலில் மீன் கூடையை இறக்கி வைக்கும் அம்மாளிடம் விலை பேசி முடித்த பிறகு, "காலில் என்ன புண்? எத்தனை நாளாச்சு?" என்று கேட்க முடியும். ஒரு மாதத்துக்கு மேல் என்றால், "நாளைக்கே கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் காட்டிவிடு" என்று சொல்லி, பஸ் செலவுக்கு ஏதாவது கையில் கொடுக்கவும் முடியும்.

முதலில் இந்த வெள்ளிக்கிழமை உங்கள் உள்ளங்காலைப் பார்த்துக் கொள்ளுங்கள்.