வகுப்பின் பண்பும் பொருளின் பண்பும்

பைதான் மொழி கற்பிக்கும் ஆசிரியர் பலர் இவ்விரண்டையும் வரையறை கூறிக் கடந்துவிடுகின்றனர். முதலில் பிழையை மாணவர் கையாலேயே செய்வித்துக் காட்டுதல் வேண்டும் என்பது எம் கருத்து.

மழைமானி என்றொரு வகுப்பை எழுதி (பள்ளி வகுப்பன்று), அளவுகளுக்குரிய வெற்றுப் பட்டியலை வகுப்பின் உடலிலேயே வைத்தோமென்று கொள்வோம். நிலையத்துக்கு ஒன்றாக இரு பொருள்களைப் படைக்கிறோம். ஒன்றன் பட்டியலில் 12 மில்லிமீட்டரைச் சேர்த்தால், மழையே காணாத மற்றதிலும் அதே 12 தோன்றும்! கணிப்பொறி பிழையென்று ஒரு சொல்லும் உரையாது. தவறான பதிவேடு மேலிடத்துக்குச் சென்றுவிடும். உள்ள பட்டியல் ஒன்றே. இரு பொருள்களும் அதனையே சுட்டுகின்றன.

ஆனால் பொருளின் பெயரில் புதிய மதிப்பொன்றை இட்டால், அப்பொருளுக்கு மட்டும் தனிப்பண்பு உண்டாகிறது. மாணவர் மயங்குவது இங்கேதான். பட்டியலைத் தொடக்கச் செயலுக்குள் ‘செல்ஃப்’ என்பதோடு இணைத்துப் படைத்தால் குற்றம் நீங்கும். அலகின் பெயர் போன்று எல்லா நிலையங்களுக்கும் பொதுவானது வகுப்பிலேயே இருக்கலாம்.